கடைசி ஆள் கரையேறியாச்சா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைத் தம்பிகள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். "அண்ணா, பாடம் மாதிரியும் இருக்கணும், படிக்கிற மாதிரியும் இருக்கணும்" என்று நிபந்தனை வேறு. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று நம்புகிற வயசு அவர்களுக்கு! இதே பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்து, இரண்டு அரியரோடு தட்டுத்தடுமாறி வெளியே வந்து, இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். கம்ப்ரசர் பற்றியோ பேரிங் பற்றியோ எழுதியிருக்கலாம். அதையெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். எனவே ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு என்னைப் படுக்கையை விட்டு எழுப்புகிற சமாசாரத்தைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் வெப்பக் கணக்கு உண்டு, காற்றுக் கணக்கு உண்டு, பல்சக்கரம் உண்டு. பயப்படாதீர்கள், தேர்வு கிடையாது.

டிரையத்லான் என்றால் என்ன?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஓய்வு இல்லாமல் செய்து முடிக்கும் போட்டிதான் டிரையத்லான். கடிகாரம் எங்கேயும் நிற்காது. ஈர உடம்போடு ஓடிவந்து ஹெல்மெட் மாட்டுகிற நேரமும், சைக்கிளை நிறுத்திவிட்டு ஷூ மாற்றுகிற நேரமும்கூடக் கணக்கில் சேரும். ஒலிம்பிக்கில் இது 2000ஆம் ஆண்டு சிட்னியில் முதன்முதலாக இடம்பெற்றது. அங்கே 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். "அயர்ன்மேன்" என்று பேரெடுத்த பெரிய போட்டியிலோ 3.86 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதற்குப் பிறகு ஒரு முழு மாரத்தான், அதாவது 42.195 கி.மீ. ஓட்டம்! அயர்ன்மேன் பெயரில் பாதித் தூரப் போட்டி ஒன்று 2019 அக்டோபரில் கோவாவில் நடந்தது. நம் நாட்டில் அந்தப் பெயரில் நடந்த முதல் போட்டி அதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகளோ அரசாங்கமோ அல்ல. நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்த ஓர் ஓட்டக் குழு! அமெரிக்காவின் சான்டியேகோ நகர ஓட்டக் குழுவினர் 1974 செப்டம்பர் 25ஆம் தேதி, ஒரு புதன்கிழமை மாலையில், மிஷன் பே என்ற வளைகுடாக் கரையில் இப்படியொரு போட்டியை நடத்திப் பார்த்தார்கள். ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹான் என்ற இரண்டு உறுப்பினர்களின் யோசனை அது. 46 பேர் கலந்துகொண்டார்கள். அதில் ஒருவர் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். அவருடைய மனைவி ஜூடியும் கலந்துகொண்டார். பின்னால் இந்தத் தம்பதியர் ஹவாய்க்கு மாற்றலாகிப் போனபோது, அங்கே ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் போட்டிகளின் தூரங்களை ஒரே நாளில் கோத்துவிட்டால் என்ன என்று கேட்டார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று ஓவாஹு தீவில் 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர், டாக்ஸி ஓட்டியவர். நேரம் 11 மணி 46 நிமிடம் 58 வினாடி.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்தப் போட்டியில் வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் கிடையாது. தண்ணீரும் தீனியும் கொடுக்கிற உதவியாட்களை ஒவ்வொரு போட்டியாளரும் தானே கூட்டிக்கொண்டு வரவேண்டும். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் உதவியாட்களிடம் நடுவழியில் தண்ணீர் தீர்ந்துபோய், கையில் இருந்த பீரைக் கொடுத்துவிட்டார்களாம்! ஹாலர் பேர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேர் பின்னாலும் நாள் முழுக்க வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்களின் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் குழு

எங்கள் குழுவுக்குப் பெயர்ப்பலகை, அலுவலகம் எதுவும் இல்லை. முப்பது பேருக்குள்தான் இருப்போம். வங்கி ஊழியர், இரண்டு டாக்டர்கள், சாஃப்ட்வேர்காரர்கள் நாலைந்து பேர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஓர் ஆட்டோ டிரைவர், என்னைப் போல ஷிப்டுக்காரர்கள். பயிற்சி தருபவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாங்கள் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவோம். காசு வாங்கமாட்டார். ஆனால் லேட்டாக வந்தால் பேசமாட்டார்; அதற்குக் காசே கொடுத்துவிடலாம்.

செவ்வாய், வியாழன் நீச்சல் குளம். புதன் ஓட்டம். சனிக்கிழமை நீண்ட ஓட்டம். ஞாயிறு திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் கடல் நீச்சல். நடுநடுவே "பிரிக்" என்று ஒன்று வரும். சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓட வேண்டும். கட்டடவியல் நண்பர்கள் கோபிக்கக் கூடாது, இந்தச் செங்கல் சுவரில் வைப்பதல்ல. முழங்காலுக்குக் கீழே யாரோ கட்டித் தொங்கவிட்டது! இரண்டு மணி நேரம் வட்டமாகச் சுற்றிய கால், நேராக ஓடு என்றால் ஓடாது. முதல் ஒரு கிலோமீட்டர் கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கும். நாலைந்து முறை செய்தால் பழகிவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டு மெள்ள மெள்ளப் பணக்கார விளையாட்டாகிக்கொண்டு வருகிறது. பெரிய போட்டிகளின் நுழைவுக் கட்டணம் மட்டுமே டிப்ளமா முடித்தவரின் முதல் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். கார்பன் ஃபைபர் சைக்கிளின் விலையைக் கேட்டால் அம்மா மயங்கி விழுந்துவிடுவார். ஆனால் பயிற்சிக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. என்னுடைய சைக்கிள் செகண்ட்ஹேண்ட். எங்கள் ஆட்டோ டிரைவர் அண்ணன் முதல் ஆறு மாதம் கேரியர் வைத்த சாதாரணச் சைக்கிளில்தான் வந்தார். அவர் முன்னால் போகும்போது அந்தக் கேரியர் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகும்.

இரண்டு டாங்க் கணக்கு

நான் சேர்ந்த நாலாவது ஞாயிறு, மாமல்லபுரம் போய்த் திரும்புகிற பயணம். போக வர ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன், இதென்ன பிரமாதம் என்ற திமிர். முந்தின நாள் இரவு ஷிப்டு, சரியாகச் சாப்பிடவில்லை. மாஸ்டர் "மெதுவா போ" என்று சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. போகும்போது எல்லோருக்கும் முன்னால் நான்தான். திரும்பும்போது கோவளத்தை நெருங்குகையில் கை நடுங்க ஆரம்பித்தது. எதிரே வருகிற பஸ் ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை. ஓரமாக இறங்கி ஒரு மைல்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என்ன நடந்தது? நம் உடம்பில் எரிபொருள் டாங்க் இரண்டு இருக்கிறது. ஒன்று மாவுச்சத்து. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும். மொத்தமே 400, 500 கிராம்தான். கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் 1,600 முதல் 2,000 வரை. இன்னொரு டாங்க் கொழுப்பு. 65 கிலோ எடையுள்ள ஒல்லியான ஆளிடம்கூட ஏழெட்டு கிலோ இருக்கும். கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி என்று வைத்தால் ஐம்பதாயிரத்துக்கு மேல்! ஓடுவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிலோகலோரி செலவாகும். 65 கிலோ ஆள் மாரத்தான் ஓட 2,700க்கு மேல் வேண்டும். சின்ன டாங்கை மட்டும் நம்பி ஓடினால் முப்பதாவது கிலோமீட்டரில் காலி. மாரத்தான்காரர்கள் "சுவரில் முட்டினேன்" என்று சொல்வது இதைத்தான்.

சரி, பெரிய டாங்க் இருக்கிறதே, அதைத் திறக்கலாமே? திறக்கலாம். ஆனால் அதன் குழாய் சின்னது. கொழுப்பு மெதுவாகத்தான் எரியும், ஆக்சிஜனும் அதிகம் கேட்கும். வேகம் கூடக்கூட உடம்பு மாவுச்சத்துப் பக்கம் சாய்ந்துவிடும். மூச்சு முட்டாத வேகத்தில் பல மாதங்கள் பயிற்சி செய்தால்தான் தசைகளில் நுண்குழாய்கள் பெருகி, கொழுப்பை எரிக்கும் திறமை கூடும். நெடுந்தூரப் பயிற்சியின் பெரும்பகுதி மெதுவாக இருப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனமல்ல, குழாயை அகலப்படுத்துகிற வேலை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் தன் உடம்பை வைத்தே கண்டுபிடித்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே வாரத்துக்கு நூறு மைல் ஓடிப் பார்த்து, தன் தெருப் பையன்களையும் அப்படியே ஓடவைத்தார். அரைமைல் ஓடுகிறவனுக்கு எதற்கு நூறு மைல் என்று எல்லோரும் கேட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள்.

வேகம் சரியா என்று பார்க்க விலை உயர்ந்த கைக்கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். "ஆமா", "ம்", "சரி" என்று ஒற்றை வார்த்தைதான் வருகிறதென்றால் வேகம் அதிகம். எங்கள் குழுவில் மாமியார் கதை, ஆபீஸ் கதை எல்லாம் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. காரணம் இதுதான்!

மைல்கல்லுக்குத் திரும்புவோம். அங்கே என்னைக் கண்டுபிடித்தவர் எங்கள் டீச்சரம்மா. வயது ஐம்பத்திரண்டு. எங்கள் குழுவில் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் "வால்". எவ்வளவு மெதுவாகப் போனாலும் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் அவர் வரவேண்டும். அன்று அவர் வால். சைக்கிளை நிறுத்தி, ஒன்றும் கேட்காமல், இரண்டு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் கையில் வைத்தார். "மெல்லச் சாப்பிடு தம்பி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." கால் மணி நேரத்தில் பஸ் மறுபடி ஒன்றானது. திருவான்மியூரில் மற்ற எல்லோரும் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார்கள். அன்று அதை மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. அந்த எண்ணம் பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன்.

காற்றும் வியர்வையும்

சமதரையில் சைக்கிள் ஓட்டுகிறவனின் முக்கிய எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 25 கி.மீ. வேகத்தை 30 ஆக்க வேண்டுமா? வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. காற்றுக்குக் கொடுக்கும் திறனோ 1.2 × 1.2 × 1.2, அதாவது 73 சதவீதம் கூடுகிறது! ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் பின்னால் இருப்பவருக்கு நல்ல மிச்சம். ஒலிம்பிக் டிரையத்லானில் இது அனுமதி, அயர்ன்மேனில் தவறு. முன்னால் போகிறவரிடமிருந்து குறைந்தது 12 மீட்டர் தள்ளியே வரவேண்டும். எங்கள் ஞாயிறு பயணத்தில் முறை வைத்து முன்னால் போவோம்.

கியர் கணக்கு சுலபம். முன்னால் 50 பல், பின்னால் 25 பல். ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டு சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர். ஆக மிதிக்கு 4.2 மீட்டர். நிமிடத்துக்கு 90 மிதி என்றால் மணிக்கு 22 கி.மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் பெரிய கியரில் போட்டு முக்குவார்கள். முழங்கால் கெடும். லேசான கியரில் வேகமாகச் சுற்றுவதே நல்லது.

இனி வெப்பம். மனித எஞ்சினின் திறன் 20 முதல் 25 சதவீதம். மிதியில் 150 வாட் கொடுத்தால் குறைந்தது 450 வாட் வெப்பமாக உடம்பிலேயே தங்கும். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போகிற மாதிரி! அதை வெளியேற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் போகும். கணக்குப் போட்டால் மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போதும். ஆனால் "ஆவியானால்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே போகும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. அதனால்தான் நாலு மணிக்கே எழுந்திருக்கிறோம். தலைசுற்றல், பேச்சுக் குழறல், நடை தள்ளாடல் தெரிந்தால் அதோடு நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றிக் குளிரவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று உசுப்பேற்றுகிறவன் நண்பனல்ல.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. அதிகம் குடிப்பதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்புச்சத்து இயல்பைவிடக் குறைந்திருந்தது. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்ததுதான் முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடியுங்கள். எலுமிச்சம்பழச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் போட்டால் நமக்குப் போதும்.

பதினாலு பேர்

தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு. எனவே நீச்சலில் பலத்தைக் கூட்டுவதைவிட எதிர்ப்பைக் குறைப்பதே லாபம். நான் ஊர்க் கிணற்றில் நீச்சல் கற்றவன். தலையைத் தூக்கிக்கொண்டு, காலைத் தாழ்த்திக்கொண்டு, தண்ணீரோடு சண்டை போடுகிற நீச்சல். தலையை இறக்கி, இடுப்பை மேலே கொண்டுவந்து, பக்கவாட்டில் மூச்சுவிடப் பழக எனக்கு எட்டு மாதம் ஆனது. 25 மீட்டர் குளத்தின் நீளத்தை அறுபது தடவை நீந்திக் கடந்தால் ஒலிம்பிக் தூரம். அறுபதை எண்ணுவது நீந்துவதைவிடக் கஷ்டம்!

கடல் வேறு. அங்கே சுவரும் இல்லை, அடியில் கோடும் இல்லை. சென்னைக் கரையில் அலைகளால் உண்டாகும் கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பும். வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் இந்த ஓட்டத்தால்தான். இன்னொன்று, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் ஓட்டம். பரீட்சை முடிந்த கையோடு கும்பலாகக் கடலில் இறங்கி உயிரைவிட்ட மாணவர்களைப் பற்றி நாம் எத்தனை செய்தி படித்திருக்கிறோம்! அந்த இழுப்பை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் யாராக இருந்தாலும் களைத்துப்போவார்கள். மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் விலகி, பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். படித்ததை நம்பி இறங்கிவிடாதீர்கள். தடை செய்யப்பட்ட இடத்தில் இறங்கவே வேண்டாம்.

ஒரு ஜூலை மாத ஞாயிறு. நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துப் பக்கம் கடலில் இறங்கினோம். பதினாலு பேர். மிதவையைச் சுற்றிவந்து கரையேற வேண்டும், அவ்வளவுதான். என் கண்ணாடி மங்கிவிட்டது. மிதவை தெரியவில்லை. நேராகப் போவதாக நினைத்து வடக்கே போய்க்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தால் சுற்றிலும் ஒருவரும் இல்லை. பயந்துபோய்க் கரையைப் பார்த்து நீந்தி, இறங்கிய இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்கு அப்பால் கரையேறினேன்.

செய்ய வேண்டியது என்ன? உடனே கரையோரமாக நடந்து போய், வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மறுபடியும் கடைசி ஆளாக எல்லோர் முன்னாலும் போய் நிற்பதா? அந்தக் கோவளத்து அவமானம் ஞாபகம் வந்தது. ஒரு டீக்கடையில் ஈர டிராயரோடு உட்கார்ந்து, அப்புறம் காசு தருகிறேன் என்று கடனாக டீ குடித்தேன். மூச்சு நிதானமாகட்டும், எல்லோரும் உடை மாற்றுகிற நேரத்தில் சாதாரணமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று திட்டம். நாற்பது நிமிடம் போயிருக்கும்.

திரும்பிப் போனபோது கரையில் யாரும் உடை மாற்றவில்லை. மாஸ்டர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மூன்று பேர் மறுபடி கடலுக்குள். ஒரு ஃபைபர் படகு மிதவைக்கு அப்பால் சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர்களில் ஒருவர் மணலில் போர்வையை விரித்து வைத்திருந்தார். அந்தப் போர்வை யாருக்கு என்று எனக்குப் புரியச் சில வினாடிகள் ஆயின. வங்கி நண்பர் கையில் போன். திரையில் என் வீட்டு எண். அழுத்துவதா வேண்டாமா என்று கால் மணி நேரமாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டில் என் மனைவியும் நாலு வயசு மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் ஒருவரும் திட்டவில்லை. டீச்சரம்மா மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். படகு கரைக்கு வந்தது. மீனவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, டீ நல்லா இருந்துச்சா?" அவ்வளவுதான் கேட்டார். எண்ணெய்க் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். கூடக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாஸ்டர் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் போனில் கூப்பிட்டார். "நீ வேகமா வந்தியா மெதுவா வந்தியான்னு நான் பார்க்கல. பதிமூணு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மறுபடியும் பதிமூணு. அதான் பார்த்தேன். இனிமே ஆறு மாசம் நீதான் எண்ணணும்." கடலில் இறங்கக் கூடாது, கரையில் நின்று தலையை எண்ண வேண்டும் என்பது உத்தரவு.

பித்தளை வில்லை

எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று. அலைக்கு நடுவே தலை மறையும், தெரியும். ஒரே தலையை இரண்டு முறை எண்ணுவோம். ஒருவர் முன்னதாகக் கரையேறிச் சைக்கிளைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டாவது மாதத்தில் எனக்குத் தூக்கத்திலும் எண்ணிக்கை வர ஆரம்பித்தது.

அப்போதுதான் எங்கள் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. பராமரிப்புப் பிரிவில் நாங்கள் ஒரு மெஷினுக்குள் கை வைக்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து அதில் பூட்டுப் போடுவோம். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. அவரவர் சாவி அவரவர் பையில். வேலை முடிந்தவர் தன் பூட்டைத் தானே எடுக்க வேண்டும். இன்னொருவர் பூட்டை நீங்கள் எடுக்கக் கூடாது, சூப்பர்வைசர் சொன்னாலும் சரி. கடைசிப் பூட்டு இருக்கும்வரை மெஷின் ஓடாது. யாரும் யாரையும் எண்ண வேண்டியதில்லை, பூட்டே எண்ணிக்கொள்ளும். நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் எண் பொறித்த வில்லையைக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கமும் இதே கணக்குதான்.

2 மி.மீ. பித்தளைத் தகட்டில் 40 மி.மீ. விட்டத்துக்கு முப்பது வில்லைகள் வெட்டினேன். ஓரத்தை அரத்தால் தேய்த்து, மேலே 5 மி.மீ. துளை போட்டு, நம்பர் பஞ்சால் 1 முதல் 30 வரை அடித்தேன். ஃபிட்டிங் ஷாப்பில் என்னிடம் பொறுமையாக அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த இன்ஸ்ட்ரக்டரை அன்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிளைவுட் பலகையில் நடுவே கோடு. இடப்பக்கம் "கடல்", வலப்பக்கம் "கரை". இரண்டு பக்கமும் ஆணிகள். இறங்கும் முன் உங்கள் வில்லையை நீங்களே "கடல்" பக்கம் மாட்ட வேண்டும். ஏறியதும் நீங்களே "கரை" பக்கம் மாற்ற வேண்டும். கணவன் வில்லையை மனைவிகூட மாற்றக் கூடாது. இடப்பக்கம் ஒரு வில்லை மிச்சம் இருந்தால் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. கூடவே ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவைப் பையும் வாங்கினோம். அந்த ஜூலையில் எங்களிடம் அது இல்லை. இருந்திருந்தால் படகுக்காரருக்கு என்னைத் தேட ஒரு அடையாளமாவது இருந்திருக்கும்.

குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். வில்லையை மாற்ற மறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போன மாதம்கூட 9ஆம் எண் இடப்பக்கமே தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறு பேரும் நின்றோம். இரண்டு பேர் மறுபடி இறங்கினார்கள். பார்த்தால் ஆள் இளநீர்க் கடையில்! திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். டீக்கடை ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். அவரை அழைத்துவந்து அவர் கையாலேயே வில்லையை மாற்றச் சொன்னோம். அடுத்த ஆறு மாதம் அவர்தான் எண்ணுகிறார்.

மலர்க் குழுத் தம்பிகள் "எங்க பசங்களும் வரலாமாண்ணா?" என்று கேட்டார்கள். தாராளமாக வரலாம். ஓடுகிற நிலையில் ஒரு சைக்கிள் வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். நீச்சல் தெரியாதவர்கள் முதல் ஆறு மாதம் குளத்தோடு சரி. முந்தின இரவு சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். 15ஆம் எண்ணும், 22க்கு மேல் உள்ளவையும் இப்போது யாரிடமும் இல்லை. வில்லையின் பின்பக்கம் உங்கள் வீட்டு போன் எண்ணை நானே அடித்துத் தருவேன். பத்து எண்ணையும் கோணாமல் அடிக்க அரை மணி நேரம் ஆகும், காத்திருக்க வேண்டும்.